பைலட் தேர்வின் உடலியல் கேள்விகள்: இரண்டு விடையும் சரி போலத் தெரிந்தால் எதைத் தேர்வது?

முதலில் ஒரு மாதிரிக் கேள்வி.

“18,000 அடி உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கும்?”

அ) 21 சதவீதம்
ஆ) சுமார் 10 சதவீதம்
இ) கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி
ஈ) கடல்மட்டத்தில் இருப்பதில் கால் பங்கு

பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்தான் இங்கே தடுமாறுவார். விமானங்கள் பறக்கும் உயரம் முழுவதும் காற்றின் கலவை மாறுவதில்லை. ஆக்சிஜன் 21 சதவீதம், நைட்ரஜன் 78 சதவீதம், மிச்சம் மற்ற வாயுக்கள். அப்படியானால் ‘அ’ சரி. ஆனால் 18,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் பாதியாகிவிடுகிறது. ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும், அதாவது மொத்தக் காற்றழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கும், பாதி. ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் ஏறத்தாழப் பாதிதான். அப்படியானால் ‘இ’யும் சரி. கோளாறு “எவ்வளவு” என்ற சொல்லில் இருக்கிறது. எந்த அளவைக் கேட்கிறார்கள் என்று கேள்வி சொல்லவில்லை. “விகிதம்” அல்லது “சதவீதம்” என்று வந்தால் 21. “பகுதி அழுத்தம்” என்று வந்தால் பாதி.

உடலியல் பகுதியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இப்படித்தான். விமான உரிமத் தேர்வுகளில் இந்தப் பாடத்துக்கு ‘ஹியூமன் பெர்ஃபார்மன்ஸ்’ என்று பெயர். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் முதலாம் இணைப்பு, உரிமம் கேட்பவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய பாடங்களில் இதையும் சேர்த்திருக்கிறது. ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசாவின் முறையில் வணிக விமானிக்கான பாடங்களில் இதன் எண் 040. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும், தேர்ச்சிக்கு 75 சதவீதம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளுக்குத் தேர்ச்சி மதிப்பெண் 70 சதவீதம். இங்கே படிப்பவர்கள் பலர் ஐரோப்பிய, அமெரிக்கப் புத்தகங்களையும் கலந்தே படிக்கிறார்கள். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம், பின்னால் பார்ப்போம்.

விடைகளை மனப்பாடம் செய்வது இந்தப் பாடத்தில் உதவாது. கேள்வி மங்கலாக இருக்கும்போது, உடலில் என்ன நடக்கிறது என்ற வழிமுறை தெரிந்தவரால் மட்டுமே அது எந்த அளவை, எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் கேட்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ஒரே ஆக்சிஜனுக்கு மூன்று எண்

“கடல்மட்டத்தில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் என்ன?” என்ற கேள்விக்கு 160, 150, 100 என்று மூன்று விடைகளைப் புத்தகங்களில் காணலாம். அலகு மில்லிமீட்டர் பாதரசம். மூன்றுமே சரி. அளக்கும் இடம்தான் வேறு.

கடல்மட்டத்தில் மொத்தக் காற்றழுத்தம் 760. அதில் 21 சதவீதம் சுமார் 160. இது வெளியே உள்ள உலர்ந்த காற்றின் கணக்கு. காற்று மூக்கு வழியாக மூச்சுக்குழலுக்குள் போனதும் ஈரமாகிறது. 37 டிகிரி உடல் வெப்பத்தில் நீராவியின் அழுத்தம் 47. உயரம் எதுவானாலும் இது மாறாது, ஏனென்றால் அதை முடிவு செய்வது உடலின் வெப்பநிலை. ஆகவே மூச்சுக்குழலில் 760-லிருந்து 47-ஐக் கழித்து, மிச்சமான 713-இல் 21 சதவீதம் எடுத்தால் 150. பிறகு நுரையீரலின் நுண்ணறைகளில் கார்பன் டை ஆக்சைடு வந்து கலக்கிறது, அதன் அழுத்தம் 40. ஆக்சிஜனும் ரத்தத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே மிஞ்சுவது 100-லிருந்து 103 வரை.

இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிட்டால், அடிக்கடி வரும் இன்னொரு மங்கலான கேள்வியும் தெளிந்துவிடும். “100 சதவீத ஆக்சிஜனை முகமூடி வழியாகச் சுவாசித்தால் எவ்வளவு உயரம் வரை போதும்?” விடைகளில் 33,700 அடியும் இருக்கும், 40,000 அடியும் இருக்கும்.

33,700 அடியில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 190. சுவாசிப்பது முழுக்க ஆக்சிஜன், எனவே நைட்ரஜனுக்கு இடமில்லை. நீராவிக்கு 47, கார்பன் டை ஆக்சைடுக்கு 40 கழித்தால் மிச்சம் 103. கடல்மட்டத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது நுண்ணறைகளில் இருக்கும் அதே அளவு. 40,000 அடியில் அழுத்தம் 141. அதே கழித்தலைச் செய்தால் 54 வருகிறது. 10,000 அடியில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரின் நுண்ணறைகளில் இருப்பது 55-லிருந்து 60. கிட்டத்தட்ட அதே நிலை.

ஆகவே “கடல்மட்டத்துக்குச் சமமாக” என்றால் 33,700 அடி. “10,000 அடிக்குச் சமமாக” அல்லது “ஏற்கத்தக்க அளவில்” என்றால் 40,000 அடி. அதற்கு மேல் சும்மா சுவாசித்தால் போதாது, ஆக்சிஜனை அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் செலுத்த வேண்டும். கேள்வியில் “போதும்” என்பதற்கு அடைமொழி எதுவும் இல்லாமல், “அழுத்தச் சுவாசம் இல்லாமல்” என்று மட்டும் இருந்தால், அது 40,000-ஐத்தான் கேட்கிறது.

எல்லைக்கோடுகள்: உடலின் எல்லையா, சட்டத்தின் எல்லையா?

உடலுக்கு ஆக்சிஜன் போதாத நிலையான ஹைபாக்சியா எந்த உயரத்தில் தொடங்குகிறது? உடல் திடீரென்று ஓர் எண்ணைத் தாண்டி மாறுவதில்லை. ஆனால் தேர்வுக்கு எண் வேண்டும். அதனால் பாடத்திட்டம் எழுதியவர்கள் கோடு கிழித்தார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில்.

ஈயாசா பாடத்திட்டத்தில் மூன்று வரம்புகள். உடல் எதிர்வினை காட்டத் தொடங்கும் வரம்பு 7,000 அடி. ஈடுகட்ட முடியாமல் செயல்திறன் குலையும் வரம்பு 10,000-லிருந்து 12,000 அடி. உயிருக்கு ஆபத்தான வரம்பு 22,000 அடி. அமெரிக்க மரபை ஒட்டிய புத்தகங்களிலோ 10,000 அடி வரை பாதிப்பில்லாத கட்டம், 15,000 வரை ஈடுகட்டும் கட்டம், 20,000 வரை குலைவுக் கட்டம், அதற்கு மேல் ஆபத்துக் கட்டம். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி வைத்தால் தேர்வு நாளில் கலந்து போகும். நீங்கள் எழுதப்போகும் தேர்வின் பட்டியலை மட்டும் மனத்தில் ஏற்றுங்கள். மற்றதைத் தனித்தாளில் வையுங்கள்.

இதோடு விதிமுறைகளின் எண்கள் வந்து மோதுகின்றன. ஐரோப்பிய விதிப்படி, கேபின் உயரம் (கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்கு ஈடான உயரம்) 10,000 அடிக்கும் 13,000 அடிக்கும் இடையே 30 நிமிடத்தைத் தாண்டினால் விமானிகளுக்கு ஆக்சிஜன் வேண்டும், 13,000-க்கு மேல் எப்போதும் வேண்டும். அமெரிக்காவில் பொதுவான பறத்தலுக்கு அந்த எண்கள் 12,500, 14,000. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. இதற்கு மேல் ஓர் அறிவுரையும் தருகிறது: பகலில் 10,000 அடிக்கு மேலும், இரவில் 5,000 அடிக்கு மேலும் ஆக்சிஜன் பயன்படுத்துங்கள். இரவுக்குத் தனி எண் ஏன்? ஆக்சிஜன் குறைந்தால் முதலில் அடிபடும் திறன்களில் ஒன்று இரவுப் பார்வை, அதற்கு 5,000 அடியே போதும். எனவே “ஹைபாக்சியாவின் தாக்கம் எந்த உயரத்திலேயே தெரியலாம்?” என்ற கேள்விக்கு விடைகளில் 5,000 அடி இருந்தால், கேள்வியில் இரவு, பார்வை என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையென்றால் அது பெரும்பாலும் கவனத்தைத் திருப்ப வைத்த விடை.

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டால்

ஆக்சிஜன் தடைப்பட்ட பிறகு விமானி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாகச் செயல்படக்கூடிய நேரத்தைப் பயனுள்ள நினைவு நேரம் என்று சொல்லலாம். எஃப்.ஏ.ஏ. அட்டவணைப்படி 18,000 அடியில் 20-லிருந்து 30 நிமிடம், 25,000 அடியில் 3-லிருந்து 5 நிமிடம், 30,000 அடியில் 1-லிருந்து 2 நிமிடம், 35,000 அடியில் 30 நொடியிலிருந்து 1 நிமிடம், 40,000 அடியில் 15-லிருந்து 20 நொடி.

இது மயங்கி விழும் வரையிலான நேரம் அல்ல. நினைவு இருக்கும், ஆனால் முகமூடியை எடுத்து மாட்டும் புத்தி வேலை செய்யாது. இந்த வேறுபாட்டை வைத்தே கேள்வி அமைப்பார்கள்.

இரண்டாவது, நிபந்தனை. சில பாடநூல்கள் உட்கார்ந்திருப்பவருக்கும் உடலை அசைத்து வேலை செய்பவருக்கும் தனித்தனி எண் தருகின்றன. கேபின் அழுத்தம் திடீரென இழந்தால் நேரம் பாதி வரை குறையலாம். அப்போது நுரையீரலில் இருந்த காற்று வெளியே இழுக்கப்படுகிறது. நுண்ணறையில் ஆக்சிஜனின் அழுத்தம் ரத்தத்தில் உள்ளதைவிடக் கீழே போய், ஆக்சிஜன் எதிர்த்திசையில், ரத்தத்திலிருந்து நுரையீரலுக்கே திரும்புகிறது. இது தெரிந்தால், “35,000 அடியில் திடீர் அழுத்த இழப்பு” என்ற கேள்வியில் 30 நொடியை ஒட்டிய விடையை நோக்கித் தைரியமாகப் போகலாம். “30 நொடி முதல் 60 நொடி”, “15 நொடி முதல் 30 நொடி” என்று இரண்டும் இருந்தால், கேள்வியில் ‘திடீர்’ என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதே தீர்ப்பு.

ஹைபாக்சியாவா, வேகமூச்சா?

இந்தப் பாடத்திலேயே அதிகம் குழப்புவது இதுதான், விமானத்திலும் உயிரோடு விளையாடுவது இதுதான். நேரம் எடுத்துப் படியுங்கள்.

வேகமூச்சு, அதாவது ஹைப்பர்வென்டிலேஷன் என்றால் உடலின் தேவையை மீறி வேகமாகவோ ஆழமாகவோ மூச்சு விடுவது. பயம், பதற்றம், வலி, அதிர்வு இவற்றால் வரலாம். அளவுக்கு மேல் மூச்சு விடும்போது ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, கடல்மட்டத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. அது கரைந்தால் அமிலம். அது போய்விட்டால் ரத்தத்தின் அமிலத்தன்மை குறைகிறது, இயல்பான 7.4 என்ற பிஹெச் எண் ஏறுகிறது. இதையே “ரத்தம் காரத்தன்மை அடைகிறது” என்று ஒரு விடையும், “பிஹெச் கூடுகிறது” என்று மற்றொரு கேள்வியின் விடையும் சொல்லும். பிஹெச் கூடினால் அமிலம் கூடியதாக நினைத்துத் தவறாகத் தேர்வு செய்பவர்கள் நிறைய பேர். எண் ஏறினால் அமிலம் இறங்குகிறது.

அறிகுறிகள் இரண்டு நிலைக்கும் பொதுவானவை: தலைசுற்றல், பார்வை மங்கல், குழப்பம், விரல்களில் குறுகுறுப்பு. பிரித்துக் காட்ட ஒரு தடயம் உண்டு. உதடும் நகக்கண்ணும் நீலம் பூப்பது ஹைபாக்சியாவுக்கு உரியது, வேகமூச்சில் அது வராது. கைவிரல் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொள்வது வேகமூச்சின் பக்கம் சாயும் அடையாளம்.

இப்போது சிக்கல். “ஹைபாக்சியா வேகமூச்சை உண்டாக்குமா?” ஆம். ஆக்சிஜன் குறைந்தால் உடல் வேகமாக மூச்சு வாங்கித்தான் ஈடுகட்டப் பார்க்கும். “வேகமூச்சு மூளையில் ஹைபாக்சியாவை உண்டாக்குமா?” அதற்கும் ஆம். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் மூளைக்குப் போய்ச்சேர்வது குறைகிறது. “வேகமூச்சில் ரத்தத்தின் ஆக்சிஜன் குறைகிறது” என்ற வரி தவறு, “மூளைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது” என்ற வரி சரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள்.

மூச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எது என்ற கேள்வியும் இப்படித்தான். இயல்பான நிலையில் முதன்மையான தூண்டுதல் கார்பன் டை ஆக்சைடும் அதனால் வரும் அமிலத்தன்மையும். ஆக்சிஜன் குறைவை உணரும் செல்கள் கழுத்துத் தமனியில் இருக்கின்றன, அவை உயரத்தில் முக்கியமாகின்றன. கேள்வி பொதுவாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு. “உயரத்தில் மூச்சு வேகமாவதற்குக் காரணம்” என்றால் ஆக்சிஜன் குறைவு.

சிகிச்சைக் கேள்விகளில் 10,000 அடி என்ற கோடு முக்கியம். அதற்கு மேல் இருந்தால் ஹைபாக்சியா என்றே வைத்துக்கொண்டு ஆக்சிஜன் எடுத்து இறங்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் வேகமூச்சாக இருக்க வாய்ப்பு அதிகம், மூச்சை மெதுவாக்க வேண்டும், வாய்விட்டுப் பேசுவது உதவும். கேள்வியில் உயரமே சொல்லப்படவில்லையா? ஹைபாக்சியா என்று எடுத்துக்கொள்ளும் விடையைத் தேர்வு செய்யுங்கள். வேகமூச்சு என்று தவறாக நினைத்து ஆக்சிஜனை மறுத்தால் உயிர் போகலாம். ஹைபாக்சியா என்று தவறாக நினைத்து ஆக்சிஜன் கொடுத்தால் கெடுதல் இல்லை.

ஒரே காரணம், வேறு வேறு பெட்டி

ஹைபாக்சியாவை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவதால் வருவது, ரத்தத்தின் சுமக்கும் திறன் குறைவதால் வருவது, ரத்த ஓட்டம் தேங்குவதால் வருவது, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போவதால் வருவது. உயரம் முதல் வகை, ரத்தசோகை இரண்டாவது, விமானம் வேகமாகத் திரும்பும்போது உடலை அழுத்தும் ஜி-விசை மூன்றாவது, மதுவும் சயனைடும் நான்காவது.

கார்பன் மோனாக்சைடு எங்கே? இரண்டாவது வகை. அது ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணைந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மருத்துவம் ஆழமாகப் படித்தவருக்கு இங்கே ஒரு சங்கடம் வரும். கார்பன் மோனாக்சைடு செல்லுக்குள் இருக்கும் நொதிகளையும் தாக்கும், அந்த வகையில் நான்காவது பெட்டியிலும் அதற்கு இடமுண்டு. தேர்வுக்கு அதை ஒதுக்கிவையுங்கள், விடை ரத்தத்தின் சுமக்கும் திறன்தான். பிணைப்பு எத்தனை மடங்கு என்பதில் 210, 240, 250 என்று புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். நல்ல கேள்வித்தாளில் இவற்றில் ஒன்றுதான் இருக்கும், மற்றவை 5, 20, 1000 மாதிரி விலகி நிற்கும்.

புகைப்பவரைப் பற்றிய கேள்வியும் இதிலிருந்தே பிறக்கிறது. நாளுக்கு 20 சிகரெட் புகைப்பவரின் உடல், தரையில் இருக்கும்போதே 4,000-லிருந்து 5,000 அடி உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும் என்று பாடநூல்கள் சொல்கின்றன.

எந்த நாட்டின் தேர்வு?

மது பற்றிய ஒரு கணக்கு. இரவு 11 மணிக்கு ஒருவரின் ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 80 மில்லிகிராம் மது இருக்கிறது. மணிக்கு சராசரியாக 15 மில்லிகிராம் கரையும். எப்போது பறக்கலாம்?

ஐரோப்பிய வரம்பான 20 மில்லிகிராமுக்கு இறங்க 60 கரைய வேண்டும், 4 மணி நேரம், அதிகாலை 3 மணி. முழுதாக நீங்க 5 மணி 20 நிமிடம். ஆனால் அங்கே பணிக்கு வருவதற்கு 8 மணி நேரம் முன்பே குடிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும் என்ற நேரக்கணக்கும் உண்டு. அமெரிக்காவில் 8 மணி நேரமும் 0.04 சதவீதமும். இந்தியாவில் 12 மணி நேரம், மூச்சுப் பரிசோதனைக் கருவியில் பூஜ்யம் காட்ட வேண்டும். ஆக “எப்போது கரையும்?” என்பது உடலியல் கேள்வி, “எப்போது பறக்கலாம்?” என்பது சட்டக் கேள்வி. விடைகள் மணிக்கணக்கில் விலகும். அலகுகளிலும் கவனம் வேண்டும்: லிட்டருக்கு 0.2 கிராம், 100 மில்லி லிட்டருக்கு 20 மில்லிகிராம், 0.02 சதவீதம் மூன்றும் ஒன்றே.

ஸ்கூபா டைவிங் செய்த பிறகு பறக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வியில் 12 மணி, 24 மணி இரண்டும் விடைகளில் இருக்கும். ஐரோப்பியப் பாடநூல்களின் பொதுவான வரி: 12 மணி நேரம், 10 மீட்டர் ஆழத்தைத் தாண்டியிருந்தால் 24. எஃப்.ஏ.ஏ. அறிவுரையில் ஆழம் பேசப்படுவதில்லை. 8,000 அடி வரை பறக்க, நிறுத்தி நிறுத்தி மேலே வரத் தேவைப்படாத டைவுக்கு 12, தேவைப்பட்ட டைவுக்கு 24. 8,000 அடிக்கு மேல் பறந்தால் எந்த டைவானாலும் 24. அதிலும் அவர்கள் சொல்லும் 8,000 அடி விமானத்தின் உண்மையான உயரம், கேபின் உயரம் அல்ல. கேள்வியில் ஆழம் கொடுத்திருந்தால் ஐரோப்பிய வரி, உயரம் கொடுத்திருந்தால் அமெரிக்க வரி என்று அடையாளம் காணலாம்.

பாடநூல் பின்தங்கிய இடங்கள்

உடலின் உள்கடிகாரம், வெளிச்சமும் நேரமும் தெரியாமல் விட்டால் எத்தனை மணி நேரச் சுற்றில் ஓடும்? பழைய தனிமை ஆய்வுகளை வைத்துப் பாடநூல்கள் 25 என்கின்றன. 1999-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில் சராசரி 24 மணி 11 நிமிடம். உங்கள் பாடத்திட்டம் 25 என்றால், விடைகளில் 25 இருந்தால், அதையே தேர்வு செய்யுங்கள். இரண்டு எண்ணும் 24-ஐவிடப் பெரியவை என்பதால் அடுத்த முடிவு மாறாது: நாள் நீளும் மேற்குப் பயணம் கிழக்குப் பயணத்தைவிட உடலுக்கு எளிது.

தூக்கத்திலும் இதே நிலை. கனவுத் தூக்கம் தவிர நான்கு நிலைகள் என்பது பழைய பகுப்பு. 2007-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு மூன்றாவதையும் நான்காவதையும் இணைத்துவிட்டது. நீங்கள் படிக்கும் தேர்வுப் புத்தகம் இன்னும் நான்கு என்று எண்ணினால், தேர்வுக்கு நான்குதான்.

ரத்த அழுத்தம் இதைவிடச் சிக்கல். மருத்துவத்தில் 140/90 உயர் ரத்த அழுத்தம், 2017-இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் அதை 130/80 ஆக்கின. ஐரோப்பிய விமானிகளின் மருத்துவத் தகுதி வரம்போ 160/95. “உயர் ரத்த அழுத்தம் எது?” என்பதும் “தகுதி இழக்கும் அளவு எது?” என்பதும் வேறு கேள்விகள்.

கண்ணும் காதும்

“கண்ணில் ஒளியை அதிகம் வளைப்பது எது?” கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலமான கார்னியா. கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் (ஒளியை வளைக்கும் திறனின் அலகு) என்றால் அதில் 43 அதனுடையது. “தூரத்துக்கும் அருகுக்கும் குவியத்தை மாற்றுவது எது?” லென்ஸ். பள்ளிப் பாடத்தில் லென்ஸ் பற்றியே அதிகம் படித்ததால் முதல் கேள்விக்கும் கை லென்ஸுக்குப் போகும். இருளுக்குப் பழக எவ்வளவு நேரம் என்றால் 30 நிமிடம், அது குச்சி செல்களின் நேரம். கூம்பு செல்களைக் குறிப்பிட்டுக் கேட்டால் சுமார் 7 நிமிடம்.

மாயத்தோற்றக் கேள்விகளில் விமானி உணர்வது, விமானி செய்வது, விமானம் உண்மையில் இருப்பது என்று மூன்று படிகள் இருக்கின்றன. கேள்வி எந்தப் படியைக் கேட்கிறது என்பதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிடக் குறுகலான ஓடுபாதை: உயரமாக இருப்பதாக உணர்கிறார், கீழே இறக்குகிறார், விமானம் தேவையைவிடத் தாழ வருகிறது. மேல்நோக்கிச் சரிந்த ஓடுபாதையிலும் இதேதான். அகலமான ஓடுபாதை நேர் எதிர். இருளில் புறப்படும்போது வேகமெடுப்பு: மூக்கு மேலே தூக்குவதாக உணர்கிறார், கட்டுப்பாட்டை முன்னே தள்ளுகிறார், விமானம் தரையை நோக்கிப் போகிறது. விடைகளில் “மேலே”, “கீழே” இரண்டும் இருப்பதால் படி மாறினால் விடை தலைகீழாகும்.

காதின் அரைவட்டக் குழல்கள் திரும்புவதை உணர்கின்றன என்பது பாதி உண்மை. அவை உணர்வது திரும்பும் வேகம் மாறுவதை. ஒரே சீரான திருப்பத்தில் 10-லிருந்து 20 நொடிக்குப் பிறகு உள்ளே உள்ள திரவம் குழலோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும், விமானி நேராகப் போவதாக நினைப்பார். நேர்கோட்டு வேகமாற்றத்தையும் ஈர்ப்பையும் உணர்பவை உள்காதில் இருக்கும் ஓட்டோலித் உறுப்புகள்.

ஜி-விசைப் பாடத்தில் ‘பிளாக்அவுட்’ என்றால் பார்வை முழுதாகப் போவது மட்டும். நினைவு இருக்கும். நினைவு தவறுவதற்குத் தனிப்பெயர் உண்டு. பேச்சு வழக்கை நம்பி இங்கே விடை எழுதக் கூடாது.

தேர்வறையில்

கேள்வியைப் படித்ததும் விடைகளைப் பார்க்காமல், எந்த அளவு, எந்த இடம், எந்த நிபந்தனை என்று மூன்றையும் தேடுங்கள். மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தால் அதுவே மங்கல். பிறகு விடைகளைப் பாருங்கள். விடைகளின் அலகே பெரும்பாலும் விடுபட்டதைக் காட்டிக்கொடுக்கும். நான்கும் சதவீதமாக இருந்தால் அழுத்தம் கேட்கவில்லை.

“எப்போதும்”, “எல்லா”, “மட்டும்” என்ற சொற்கள் உள்ள விடையைச் சந்தேகியுங்கள். “தமனிகள் எல்லாம் ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைச் சுமக்கின்றன” என்பது தவறு, நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தைச் சுமக்கிறது. தமனி என்ற பெயர் இதயத்திலிருந்து விலகிச் செல்வதால் வந்தது.

இரண்டு விடைகள் உண்மையாக இருந்தால், கேள்வியில் கேட்ட காரணத்துக்கு நேரடியாக அடுத்து நிற்பதை எடுங்கள். “உயரத்தில் ஹைபாக்சியா ஏன்?” என்றால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் குறைவதால். ஹீமோகுளோபின் நிரம்பாததால் என்பதும் உண்மை, ஆனால் அது விளைவின் விளைவு. ஒன்று மற்றொன்றை உள்ளடக்கியிருந்தால், விரிந்ததை எடுப்பதற்கு முன் அதில் தவறான ஒட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். “அழுத்தமும் சதவீதமும் குறைவதால்” என்ற விடை அப்படி ஒட்டுப்போட்டது.

அப்படியும் தெளியவில்லை என்றால் ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள். மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வில் காலியாக விடுவது வீண். திரும்பி வந்து மாற்றும்போது, புதிதாக ஒரு காரணம் கிடைத்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி உண்மையிலேயே தவறு என்று தோன்றினால், தேர்வு நடத்தும் அமைப்பு ஆட்சேபம் தெரிவிக்க வழி வைத்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆட்சேபத்தில் கேள்வியின் எண், அது சார்ந்த பாடத்திட்டப் பகுதி, சரியாக இருக்கக்கூடிய இரண்டு விடைகள், எந்த நிபந்தனையைச் சேர்த்தால் ஒன்று மட்டும் சரியாகும் என்ற ஒரு வரி இவை போதும். மருத்துவ ஆய்வுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதைவிட, அவர்களே வெளியிட்ட பாடத்திட்ட வரியைக் காட்டுவது வலுவான வாதம்.